டிராவுக்கு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள்

என் அக்கா மகளுக்கு 11 வயது. சென்ற கோடை விடுமுறையில், தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சதுரங்க ரேட்டிங் (தரப்புள்ளி) போட்டிக்கு அவளை நான்கு நாளும் ஸ்கூட்டரில் அழைத்துப் போனவன் நான். மூன்றாம் நாள் காலைச் சுற்றில் எதிரே அமர்ந்திருந்த பையன் டிரா கேட்டிருக்கிறான், இவள் மறுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு இருபது நகர்த்தல்களுக்குள் தோற்றுவிட்டு, கையில், நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர் ஷீட்டின் மஞ்சள் நகலோடு வெளியே வந்தாள்.

"ஏன் டிராவுக்கு ஒத்துக்கலை?"

"எனக்கு ஒரு சிப்பாய் அதிகம் இருந்துச்சு மாமா."

கையில் வந்த அரைப் புள்ளியை விட்டுவிட்டாயே என்று வீடு வந்து சேரும் வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள் அது அவளுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. அன்றிரவு படுத்தபின்தான், இதே தவறுக்காக, அது தவறுதான் என்றால், இந்த ஊரிலேயே வேறொரு பிள்ளையை நாம் அனைவரும் சில ஆண்டுகளுக்கு முன் பரிதாபத்தோடு பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில், நாடுகளின் அணிகள் மோதும் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் பலகையில் ஆடிய சென்னைப் பிள்ளை குகேஷுக்கு அப்போது 16 வயது. முதல் எட்டு ஆட்டங்களிலும் வரிசையாக வென்றார். எட்டாவதாக வீழ்ந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவ் எதிரே அமர்ந்தார்; அவரும் 17 வயதுச் சிறுவர்தான். குகேஷ் வென்றுகொண்டிருந்த நிலை மெல்ல மெல்ல நழுவியது. நழுவிய பிறகும் சமன் செய்து எழுந்துவிடாமல் மேலும் அழுத்திப் பார்த்தார். கடிகாரம் நெருக்க, குதிரையைப் பறிகொடுத்தார். அணிகளுக்கிடையிலான அந்தச் சுற்று 2-2 என்று முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். முதல் பலகையில் சிறந்து ஆடியதற்கான தனிநபர் தங்கம் குகேஷுக்கே கிடைத்தது என்பதை அந்த வாரம் யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. 'டிரா பண்ணியிருக்கலாமே' என்ற பேச்சுதான் டீக்கடை வரை கேட்டது. அன்று அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அதே பிள்ளை உலகச் சாம்பியன் டிங் லிரெனோடு ஆடியபோது, அந்தக் குணம் கொஞ்சமும் மாறவில்லை என்று தெரிந்தது. ஆறாவது ஆட்டத்தில், தன் நிலை சற்றே தாழ்ந்திருந்தும், காய்களை முன்னும் பின்னும் நகர்த்தி மும்முறை ஒரே நிலையைக் கொண்டுவந்து சமன் செய்யும் வாய்ப்பு இருந்தும், அதை ஒதுக்கிவிட்டு ராணியை வேறு பக்கம் கொண்டு போனார். விமர்சகர்கள் திகைத்தார்கள். அந்த ஆட்டம் எப்படியோ சமனில்தான் முடிந்தது.

பதினான்காவது ஆட்டம் வேறு விதம். இருவரும் 6½ புள்ளிகளில் நின்றார்கள். அதுவும் சமனானால் மறுநாள் அதிவேக ஆட்டங்கள். பலகையில் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப், சில சிப்பாய்கள்; குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். இத்தகைய நிலையை டிங் உறக்கத்தில்கூடச் சமன் செய்வார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்த பலரும் எண்ணினார்கள். குகேஷ் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தார். அவருடைய கடிகாரத்தில் நேரம் தாராளமாக இருந்தது. டிங்கிடம் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. யானைகள் இரண்டும் வெட்டுப்பட்ட பின், குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தால் மூலையில் இருக்கும் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை. அதையும் வெட்டிக்கொண்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும், அந்த ஒரு கூடுதல் சிப்பாயும்தான். வெல்ல அது போதும். குகேஷுக்கே அது சில நொடிகள் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கண்கள் விரிந்ததைக் காமிரா பிடித்திருக்கிறது. 58-ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. குகேஷ் அழுதுகொண்டே, காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினார். 18 வயதில் உலகச் சாம்பியன்.

மாமல்லபுரத்தில் 'அவசரக்காரப் பிள்ளை' என்றவர்கள் சிங்கப்பூரில் 'விடாமுயற்சி' என்றார்கள். இரண்டும் ஒரே குணத்துக்கு நாம் வைத்த இரண்டு பெயர்கள். முடிவைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிப் பெயர் வைக்கும் இந்தப் பழக்கம்தான், பிள்ளைகளின் வெற்றியிலிருந்தும் தோல்வியிலிருந்தும் எதையும் கற்றுக்கொள்ளவிடாமல் நம்மைத் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாமல்லபுர ஆட்டத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன: சமனை ஏற்காமல் தொடர்ந்து ஆடியது ஒன்று; நேர நெருக்கடியில் குதிரையைத் தொலைத்தது மற்றொன்று. தோற்றவுடன் நாம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியச் சொல்கிறோம். குகேஷ் இரண்டாவதை மட்டும் எறிந்துவிட்டு, முதலாவதை வைத்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு. எப்போதும் எறிந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். 2024 ஏப்ரலில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில் அலிரேசா ஃபிரூஸ்ஜாவிடம் நேர நெருக்கடியில்தான் தோற்றார். ஆனால் அந்தப் போட்டியை வென்ற பிறகு, இது தன்னுடைய போட்டியாக இருக்கக்கூடும் என்று உணர்ந்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று அவரே சொன்னார்.

அதே டொராண்டோவில் பெண்கள் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த சென்னை வீராங்கனை வைஷாலியைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். ஆறாம் சுற்று முதல் ஒன்பதாம் சுற்று வரை தொடர்ந்து நான்கு தோல்விகள். அந்த இடத்தில் போட்டியை மனதுக்குள் முடித்துக்கொண்டு, மீதிச் சுற்றுகளைச் சமனில் ஒப்பேற்றுவதே மனித இயல்பு. அவர் மீதி ஐந்தையும் வென்று, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2025 ஆகஸ்டில் சொந்த ஊரான சென்னையிலேயே தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றார். அடுத்த மாதமே சமர்கண்டில், கேண்டிடேட்ஸுக்குத் தகுதி தரும் கிராண்ட் சுவிஸ் போட்டியின் பெண்கள் பட்டத்தை இரண்டாவது முறையாக வென்றார். தோற்ற ஏழு ஆட்டங்களில் ஆடியவரும் அந்தப் பட்டத்தை வென்றவரும் ஒரே ஆள்தான். ஒரு மாதத்தில் யாரும் புதிய சதுரங்கம் கற்றுவிடுவதில்லை.

இதைச் சொல்லும்போதே ஒரு தயக்கமும் உண்டு. நாம் இந்தக் கதைகளைச் சொல்வது இவர்கள் வென்றதால். டிராவை மறுத்துத் தோற்று, பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் பலகையை அலமாரி மேல் ஏற்றிவிட்ட பிள்ளைகள் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பட்டம் வென்றவர்களுக்கும் பாதை நேராக இல்லை. உலகச் சாம்பியனாக இருக்கும்போதே, 2025 நவம்பரில் கோவாவில் நடந்த உலகக் கோப்பையின் மூன்றாம் சுற்றில் ஜெர்மனியின் ஃபிரெடெரிக் ஸ்வானேயிடம் தோற்று குகேஷ் வெளியேறினார். ஆகவே டிராவை மறுக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்டுவதும், ஏற்கச் சொல்லி அடக்குவதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. இரண்டிலும் பலகையில் என்ன இருந்தது என்று நாம் பார்ப்பதில்லை.

பார்ப்பதற்கு எனக்கும் ஓர் இரவு தேவைப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் அக்கா மகளை எழுப்பி, பாயில் பலகையை விரித்து, அந்த மஞ்சள் தாளில் அவள் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தோம். டிரா கேட்கப்பட்ட இடத்தில் அவளுக்கு உண்மையிலேயே ஒரு சிப்பாய் கூடுதல், ஆபத்தும் இல்லை. மறுத்தது சரி. அதற்கு மூன்று நகர்த்தல்கள் கழித்து, ராஜாவை முன்னே கொண்டுவராமல் சிப்பாயைத் தள்ளியிருக்கிறாள். சிப்பாய் தனியாக ஓடி மாட்டிக்கொண்டது. அந்த வரியைச் சுற்றி அவளே பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். நேற்று முழுவதும் நான் திட்டியது வேறொரு வரிக்கு.

அன்று கடைசிச் சுற்று. பெற்றோர்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். இவள் பத்தரைக்கே வெளியே வந்துவிட்டாள்.

"டிரா மாமா. அவன் கேட்டான், உடனே ஒத்துக்கிட்டேன்."

"இன்னைக்கு மட்டும் ஏன்?"

"எனக்கு ஒரு குதிரை போகப்போகுது. அவன் பாக்கவே இல்லை" என்று காதருகே வந்து சொன்னாள். அந்தப் பையனின் அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்ததால், கரும்புச்சாறு வண்டியைத் தாண்டும் வரை இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தோம்.