கடலோரப் பாதையில் ஓட்டம்: நாட்குறிப்பு

மார்ச் 1, ஞாயிறு

விடியலில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம், லேசாக.

கடலோரத்தில் ஓடுபவர் கிளம்பும் முன் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. தூரம், வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் அதிகாலையில் நிலக்காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் முற்பகலில் கடல்காற்று உள்ளே வரும், பிற்பகலில் வலுக்கும். பாதை கரைக்கு இணையாகப் போவதால் தொடக்கத்தில் இரண்டுமே பக்கக் காற்றுதான். ஆனால் கடல்காற்று நாள் முழுக்க ஒரே திசையில் நிற்காது. பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் வலப்புறமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மாலைக்குள் பெரும்பாலும் கரையை ஒட்டியே வீசும். மாலை ஓட்டத்தில் போகும் வழி எளிதாகவும் திரும்பும் வழி பாரமாகவும் இருப்பதற்கு, அல்லது அதற்கு நேர்மாறாக இருப்பதற்கு, இதுதான் காரணம்.

எதிர்காற்றில் கிளம்பிக் காற்றோடு திரும்ப வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். குளிருக்கு அது மிகச் சரி. நனைந்த சட்டையில் எதிர்காற்று அடித்தால் உடம்பு விறைத்துவிடும். வெக்கை நாளில் அதையே மாற்றிச் செய்ய வேண்டும். மணிக்கு 10 கிமீ வேகத்தில் ஓடுகிறவருக்குப் பின்னாலிருந்து அதே 10 கிமீ வேகத்தில் காற்று வந்தால், அவர் மேல் படுகிற காற்று பூஜ்யம். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். அதனால் உடம்பு சூடேறாத முதல் பாதியைக் காற்றோடு ஓடிவிட்டு, சூடேறிய பிறகு காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்புவது நல்லது. வேகம் குறையும், குறையட்டும். எதிர்காற்றில் கடிகாரம் காட்டும் வேகத்தைத் துரத்த வேண்டாம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மார்ச் 3, செவ்வாய்

பௌர்ணமி. அலை சுவரைத் தாண்டிப் பாதையில் விழுகிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 6 மணிக்கு நனைந்த இடம் நாளை 6.50 வாக்கில் நனையும். ஒரு வாரம் கழித்து அதே 6 மணிக்கு வற்றம் இருக்கும். ஓடும் நேரத்தை மாற்ற முடியாதவர்கள் இந்தக் கணக்கை வைத்து, எந்த வாரம் தாழ்வான பகுதியைத் தவிர்ப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

ஈரத்தில் எல்லாத் தரையும் ஒன்றல்ல. துடைப்பக் கோடு போட்ட காங்கிரீட் நன்றாகப் பிடிக்கும். பளபளப்பான கல், பெயின்ட் அடித்த கோடு, இரும்பு மூடி, பாசி பிடித்த மரப்பலகை ஆகிய நான்கும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ, வேகம் கூட்டவோ, சட்டென்று நிற்கவோ கூடாது. நேராக, குட்டை அடியாக வைத்துக் கடந்துவிட வேண்டும். சிறிய அலைகளாகவே வந்துகொண்டிருக்கும்போது நடுவில் பெரியது ஒன்று எழும்பும். ஆகவே ஏற்ற நேரத்தில் சுவரோரம் வேண்டாம், நிலப் பக்கமே ஓட வேண்டும்.

மார்ச் 4, புதன்

நேற்று மாலைக் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். கெட்டித் தரையில் மெல்லிசாகப் பரவிய காய்ந்த மணல் ஈர மணலைவிட மோசம். கால் ஊன்றும்போது ஒன்றும் தெரியாது, உந்தும்போதுதான் பின்னால் சறுக்கும். காலடியில் சரசரப்பு கேட்டதுமே அடியைச் சுருக்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 7, சனி

பாதையின் சரிவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தது. முட்டிவலிக்கு ஷூவையே மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் இதை அவசியம் ஒருமுறை கவனிக்க வேண்டும்.

தண்ணீர் வடிவதற்காகத் தளம் போட்ட பாதைகளுக்குச் சரிவு கொடுப்பார்கள். பொதுவாக ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 செமீ அளவு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆயிரக்கணக்கான அடிகளில் கால் அதை உணரும். பள்ளப் பக்கக் காலில் முட்டியின் வெளிப்புறமும், மேட்டுப் பக்கக் காலில் கணுக்காலின் உட்புறமும் நோவது வழக்கம்.

சரிவில் இரண்டு வகை. முழுப் பாதையும் கடல் பக்கம் சாய்ந்திருப்பது ஒன்று. நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருப்பது இன்னொன்று. மழை விட்டதும் பார்த்தால் எது என்று தெரியும்: தண்ணீர் ஒரே ஓரத்தில் ஓடினால் முதல் வகை, இரண்டு ஓரத்திலும் ஓடினால் இரண்டாவது. மழை இல்லையென்றால் ஒரு பாட்டிலைப் படுக்கவைத்தால் போதும், உருளும் திசை சொல்லிவிடும்.

முதல் வகையில் போன வழியே திரும்பினால் கணக்கு தானாக நேராகிவிடும். போகும்போது கடல் இடப்பக்கம் என்றால் இடது கால் பள்ளத்தில், திரும்பும்போது வலது கால் பள்ளத்தில். இரண்டாவது வகையில்தான் சிக்கல். இடது ஓரமாகவே ஓடும் ஒழுங்கான ஆளுக்கு, போகும்போதும் இடது கால் பள்ளத்தில், வரும்போதும் அதே இடது கால் பள்ளத்தில். வலப்பக்கம் ஓடும் வழக்கமுள்ள இடத்தில் வலது காலுக்கு இந்தத் தொல்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் கிளம்பி, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு நடு மேட்டில் ஓடுவதே வழி. நடுவே ஓடும்போது காதில் ஹெட்போன் வேண்டாம். பின்னால் வரும் சைக்கிள் மணியைக் காற்று ஏற்கெனவே பாதி விழுங்கிவிடும்.

பேவர் பிளாக் பதித்த பகுதிக்கு வேறு கவனம். அலை நீர் இடுக்கு வழியாக இறங்கி அடியிலுள்ள மணலை அரிக்கும்போது கல் தனித்தனியாக ஆடும். ஒரு மூலையை மிதித்தால் எதிர் மூலை எழும்பும், உள்ளே நின்ற தண்ணீர் பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சும் கல்லைச் சுற்றி இன்னும் நாலைந்து ஆடும் கற்கள் இருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்று பார்த்துவிட்டு ஓட்டத்தையே விடுகிறவர்கள் உண்டு. அந்த எண் தனியாகப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. 26 டிகிரியில் 90 சதவீதமும் 33 டிகிரியில் 60 சதவீதமும் காற்றில் ஏறக்குறைய ஒரே அளவு நீராவிதான். வானிலைச் செயலியில் டியூ பாயின்ட் என்று இருப்பதைப் பாருங்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்குமோ, அதுதான் அந்த எண். 16 டிகிரிக்குக் கீழே கவலையில்லை. 20ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 24க்கு மேல் மெதுவோட்டம் மட்டும், இடையிடையே நடையோடு. கடலோரத்தில் இந்த எண் நாள் முழுக்க அதிகம் மாறாது. அதனால் வெயில் இல்லாத விடியல்தான் அப்போதும் மேல்.

எவ்வளவு தண்ணீர் தேவை என்பதற்கு ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும். 45 நிமிடத்தில் 800 கிராம் குறைந்து, நடுவில் 200 மிலி குடித்திருந்தால், போனது ஒரு லிட்டர். மணிக்கு சுமார் 1.3 லிட்டர். அவ்வளவையும் ஓடும்போதே ஊற்றிக்கொள்ளத் தேவையில்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். ரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து.

மார்ச் 12, வியாழன்

உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு ஈரத்தை இழுக்கும். அலை தெறித்த ஷூவை அப்படியே வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருப்பது இதனால்தான். நல்ல தண்ணீரில் அலசி, உள்ளிருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும். நேர் வெயிலில் பசை விட்டுப்போகும்.

ஸ்மார்ட் வாட்சின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு உலோகப் புள்ளிகளையும் பாருங்கள். வியர்வை உப்பு காயாமலே சார்ஜரில் வைத்தால் மின்சாரம் பாய்ந்து அந்த இடம் அரிக்கும். முதலில் கறுக்கும், பிறகு பச்சை படியும், கடைசியில் சார்ஜ் ஏறாது. கழுவி, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

கடல் மேல் கருமேகம், தூரத்தில் இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிமீக்குள் வந்துவிட்டது. திறந்த கரையில் ஓடுகிறவர்தான் அங்கே உயரமான பொருள். மரத்தடியோ பாதையோர நிழற்குடையோ பாதுகாப்பல்ல. கட்டடத்துக்குள் அல்லது மூடிய காருக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை பாதைக்குத் திரும்பக் கூடாது.