பறவை எண்ணும் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பித்த கதை

வடக்கின் கரையோரச் சதுப்புகளில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். விலங்கியல் படிக்கும் தங்கச்சிமார் சிலர் இதற்கு என்ன தகைமை வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தவை: உயிரியல் சார்ந்த பட்டம், அல்லது உயர்தரத்தில் உயிரியல் பிரிவோடு கள அனுபவம், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம், எக்செல், பேச்சளவிலாவது சிங்களம். கள அனுபவம் என்றதும் சம்பளத்துக்குச் செய்த வேலை என்று எண்ணிப் பலர் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். நான் கொண்டுபோனது என் குறிப்புப் புத்தகம். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை பண்ணைப் பாலத்தடியிலும் அராலியிலும் தொண்டைமானாற்றிலும் பார்த்த பறவைகளை நாள், நேரம், நீர்மட்டம், விஞ்ஞானப் பெயர் எல்லாம் போட்டு எழுதி வந்தேன். தை மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தொண்டராகச் சேர்ந்ததும் அதில் இருந்தது. நேர்முகத் தேர்வில் பட்டச் சான்றிதழை ஒருமுறை பார்த்தார்கள். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

பிறகு ஊசிவால் வாத்துக் கூட்டத்தின் படம் ஒன்றைச் சில நொடி காட்டி, எத்தனை இருக்கும் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாக எண்ண நேரமில்லை. ஒரு மூலையில் இருபதை எண்ணி, அது பிடிக்கும் இடத்தைக் கண்ணில் பதித்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே பறவைகள் நெருக்கமாக இருக்கும். ஓரத்து இருபதைக் கொண்டு நடுவை அளந்தால் தொகை குறைந்துவிடும். கொசு உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறிய கரைப்பறவைகள் கலந்து நின்றால் இன்னும் கடினம். இதற்குப் பழக்கம் ஒன்றே வழி.

அடுத்த கேள்விதான் முக்கியமானது என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு கடற்றொழிலாளியின் வலையில் ஆமை அகப்பட்டிருக்கிறது, நீங்கள் கரையில் நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்? 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கடலாமைகளைப் பாதுகாக்கிறது. அதைத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறந்ததும் சட்டம் பேசினால் அடுத்த ஆமையைப் பற்றி அவர் எங்களிடம் சொல்லவே மாட்டார். வலை அதிகம் சேதப்படாமல் ஆமையை எடுக்கக் கைகொடுப்பேன், அப்புறம் சட்டத்தைச் சொல்வேன் என்றேன்.

இந்தப் பதில் எனக்குக் கரையில் வலை பொத்தும் ஐயாமாரோடு இருந்து பேசியதில் வந்தது. "பிள்ளை, உதுகளை எண்ணி என்ன காணப்போறாய்?" என்று ஒருவர் கேட்டார். சேற்றில் புழு இருந்தால்தான் நீண்ட அலகுள்ள மூக்கன் பறவை இறங்கும், அதே சேற்றில்தான் இறால் குஞ்சும் வளரும் என்றேன். அதன் பிறகு எங்கே பூநாரை இறங்கியது என்று அவரே சொல்லத் தொடங்கினார்.

விண்ணப்பத்தோடு உங்கள் குறிப்பில் ஒரு பக்கத்தை எக்செல் அட்டவணையாக்கி இணையுங்கள். சிங்களத்தை இப்போதே தொடங்குங்கள். திணைக்களங்களோடு பேசும்போது தேவைப்படும். இப்படியான வேலைகள் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தம்தான். எரிபொருள் செலவையும் களக் காப்புறுதியையும் யார் தருவது என்று கையெழுத்து வைக்க முதல் கேட்டுவிடுங்கள்.