ஸாதர்ல ரோமானியர் ஊதின கண்ணாடி

குரோஷியா போறவங்க பாதிப்பேர் ஸாதர்ல சூரியன் மறையறத பாத்துட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிடறாங்க. அதே ஊர்ல, 19ஆம் நூற்றாண்டு கொஸ்மசெந்தி மாளிகைல, 2009ல திறந்த பழங்காலக் கண்ணாடி மியூசியம் இருக்கு, அத விட்டுடாதீங்க ப்ளீஸ்.

உள்ள இருக்கறது நிறைய ஸாதர், நின், ஸ்டாரிகிராட் பக்கத்து ரோமானியக் கல்லறைகள்ல தோண்டி எடுத்தது. வீட்ல உடைஞ்ச கண்ணாடிய அந்தக் காலத்துலயே பொறுக்கி மறுபடி உருக்கிடுவாங்க, அதனால செத்தவங்க கூட மண்ணுக்குள்ள போனதுதான் முழுசா தப்பிச்சிருக்கு.

அஸ்தி கலசங்கள் முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னேன். குண்டு வயிறு, மேல மூடி, சிலதுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி, எல்லாமே கண்ணாடி! கல் பெட்டிக்குள்ள வச்சு புதைச்சதால கீறல்கூட இல்லாம சிலது வந்திருக்கு. பக்கத்துலயே நம்ம அத்தர் சீசா மாதிரி விரல் நீளத்துக்கு குட்டி குட்டி பாட்டில்கள், இதுல கண்ணீர் பிடிச்சு வச்சாங்கன்னு ஒரு கதை ஓடுது, நம்பாதீங்க, வாசனை எண்ணெயும் தைலமும் வச்சதுதான்.

அங்கயே கண்ணாடி ஊதியும் காட்டறாங்க. குழாய் நுனில தேன் மாதிரி தொங்கற கண்ணாடிய உருட்டிக்கிட்டே ஊதணும், உருட்டறத நிறுத்தினா ஒரு பக்கமா சரிஞ்சிடும். கொஞ்ச நேரத்துல பாட்டில் ரெடி, பாக்கப் பாக்க எனக்கு புல்லரிச்சிடுச்சு. இப்படி ஊதற வித்தை வர்றதுக்கு முன்னாடி களிமண் உருண்டை மேல கண்ணாடிய சுத்தியும், அச்சுல வார்த்தும் செஞ்சாங்க, வேலை இழுக்கும், விலையும் ஏறும். ஊதற வித்தைக்கு கிடைச்ச பழைய தடயம் ஜெருசலேம்ல, கி.மு. 50 வாக்குல. அதுக்கப்புறம் கொஞ்ச காலத்துலயே ரோம்ல ஒரு செப்புக்காசுக்கு கண்ணாடிக் கோப்பை கிடைக்குதுன்னு அந்தக் காலத்து கிரேக்க புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதிட்டாரு. ராஜா வீட்டு சாமான் சாதாரண ஆள் கைக்கு வந்தது அந்தக் குழாயாலதான், இத எவ்வளவு சொன்னாலும் தகும்!

சிலதுல வானவில் மாதிரி மினுக்கும், எல்லாரும் அதத்தான் ஃபோட்டோ எடுக்கறாங்க. அது அலங்காரம் இல்ல, மண் ஈரத்துல மேல்பரப்பு ஏடு ஏடா அரிச்சதால வந்தது. எனக்கு அதவிட வெறும் நீலப்பச்சை சதுர பாட்டில்தான் பிடிச்சிது. அந்த நிறம் மணல்ல இருக்கற இரும்பால தானா வர்றது, சதுரமா செஞ்சது பெட்டில இடம் வீணாகாம அடுக்கறதுக்கு.