ஒரே காலைப் படைவீரர்: ஆக்டனில் ஐசக் டேவிஸைத் தேடுவது எப்படி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆக்டனுக்குப் போக, பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் தடத்து ரயில் ஏறி சவுத் ஆக்டனில் இறங்க வேண்டும். ஊரின் பழைய நடுப்பகுதி அங்கிருந்து ஏறக்குறைய இரண்டரை மைல். பொதுத்திடலில் நிற்கும் 75 அடிக் கருங்கல் தூணின் அடியில்தான் கேப்டன் ஐசக் டேவிஸின் எலும்புகள் இருக்கின்றன. பழைய குறிப்புகளை நம்பி உட்லான் இடுகாட்டில் அலைய வேண்டாம். 1851-ல் தூண் எழும்பியபோது அவரையும், அதே நாளில் சுடப்பட்ட ஆப்னர் ஹோஸ்மர், ஜேம்ஸ் ஹேவர்ட் இருவரையும் அங்கிருந்து எடுத்து இங்கே வைத்துவிட்டார்கள்.

டேவிஸ் துப்பாக்கி செய்பவர். ஆக்டன் மினிட்மேன் படையின், அதாவது அழைத்த நிமிடமே கிளம்பும் ஊர்ப்படையின், தலைவர். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 காலை, பக்கத்து ஊரான கான்கார்டின் வடக்குப் பாலத்தில் பிரிட்டிஷ் படைக்கு எதிராக முன்வரிசையில் நின்று இறந்தார்; வயது 30. அவர் ஆட்களிடம் துப்பாக்கி முனை ஈட்டிகள் இருந்தன. முன்னால் நிறுத்தப்பட்டதற்கு அதுவே காரணம் என்பார்கள். ஹேவர்ட் சாலையிலிருந்த அவர் வீட்டிலிருந்து பாலம்வரை சுமார் 7 மைல் நடைவழி குறித்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் மூன்றாம் திங்கள், பேட்ரியட்ஸ் டே அன்று ஊரார் விடியலில் அதே வழியில் நடக்கிறார்கள். நடக்க அருமையான நாள்தான். ஆனால் மாநில விடுமுறை என்பதால் பாஸ்டனிலுள்ள மாநில ஆவணக் காப்பகம் பூட்டியிருக்கும். இரண்டும் வேண்டுமானால் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இப்படி ஒருவரைத் தேடும்போது பலரும் முதலில் ஓடுவது வாஷிங்டன் தேசியக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளுக்கு. எம்804 என்ற மைக்ரோஃபிலிம் வரிசையில் சுமார் 80,000 கோப்புகள் உள்ளன. கோப்பு எண்ணுக்கு முன் 'எஸ்' இருந்தால் ஓய்வூதியம் பெற்ற வீரர், 'டபிள்யூ' என்றால் விதவை, 'ஆர்' என்றால் நிராகரிக்கப்பட்ட மனு. நிராகரித்ததாயிற்றே என்று 'ஆர்' கோப்பைத் தள்ளிவிடாதீர்கள். மனுவை நிரூபிக்கப் போராடியவர்கள்தான் குடும்பப் பைபிள் தாளைக் கிழித்துக்கூட இணைத்திருப்பார்கள். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்தது. 1814-ல் பிரிட்டிஷ் படை மறுபடி தீ வைத்தது. அதனால் பழைய தாள்களில் பெரும்பகுதி போய்விட்டது.

ஊர்ப்படைக்காரருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1818 ஓய்வூதியச் சட்டம் கான்டினென்டல் படையினருக்கானது, அதாவது காங்கிரஸ் அமைத்த நிரந்தரப் படையினருக்கு. ஊர்ப்படையினருக்குக் கதவு திறந்தது 1832-ல்தான்; அதற்கும் குறைந்தது ஆறு மாதச் சேவை வேண்டும். டேவிஸ் சேவை செய்ததோ ஒரே காலை. ஆகவே மாநிலத்திலிருந்து தொடங்குவதே சரி. மாசசூசெட்ஸ் அரசு 1896 முதல் 1908 வரை வெளியிட்ட 17 தொகுதிப் படைவீரர் அகராதியில் பெயரைப் பாருங்கள். ஒரே பெயரில் பல பதிவுகள் வரும். ஒரே ஆள்தான் என்று உறுதியில்லாதபோது தொகுத்தவர்கள் தனித்தனியாகவே விட்டிருக்கிறார்கள். ஊர், தலைவர் பெயர், தேதி மூன்றும் பொருந்தாமல் ஒன்றோடு ஒன்றை ஒட்டவே கூடாது. இணையத்தில் உலவும் வம்சாவளிகளில் பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது.

மூலப் பட்டியல்கள் பாஸ்டனில் கொலம்பியா பாயின்ட் மாநிலக் காப்பகத்தில் உள்ளன. சுரங்க ரயிலின் ரெட் லைனில் ஜேஎஃப்கே/யூமாஸ் நிலையம். மிடில்செக்ஸ் மாவட்டத்தின் பழைய சொத்துரிமைக் கோப்புகளும் அங்கேயே. பட்டறைக் கருவி, மாடு, கடன் எல்லாம் இறந்தவர் சொத்துப் பட்டியலில் விலையோடு வரும்.

பிறப்புப் பதிவில் இரண்டு பொறிகள். ஆக்டன் 1735-ல்தான் கான்கார்டிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய தலைமுறையைக் கான்கார்ட் ஏட்டில் தேட வேண்டும். அடுத்தது நாட்காட்டி. 1752-க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25. டேவிஸ் பிறந்தது 1745 பிப்ரவரி 23 என்கிறோம். அன்றைய கணக்கில் அது இன்னும் 1744. 1744/45 என்று கோடிட்டு எழுதினால் குழப்பமில்லை.

குடும்பத்தைத் திறக்கும் சாவி மனைவி ஹன்னாவிடம் இருக்கிறது. ஆனால் டேவிஸ் என்று தேடினால் கிடைக்காது. அவர் பின்னாளில் சாமுவேல் ஜோன்ஸையும், பிறகு பிரான்சிஸ் லெய்ட்டனையும் மணந்தார். ஓய்வூதிய விவகாரம் முழுவதும் ஹன்னா லெய்ட்டன் பெயரில்தான். பொதுச் சட்டங்களுக்குள் அடங்காததால் காங்கிரஸ் அவருக்கென்றே தனிச் சட்டம் போட்டது. எனவே விதவை எத்தனை முறை மணந்தார் என்று திருமணப் பதிவில் பார்த்து, கடைசிக் குடும்பப் பெயரில் தேடுங்கள். தனிச் சட்டங்கள் ஓய்வூதியக் கோப்பு வரிசையில் வராமல் காங்கிரஸ் சட்டத் தொகுப்பில் இருக்கலாம்.

1835-ல், 89 வயதில், ஹன்னா கொடுத்த வாக்குமூலம்தான் இருப்பதிலேயே செறிவான தாள். நான்கு குழந்தைகள், நால்வருக்கும் உடம்பு சரியில்லை, சிலருக்குத் தொண்டைப் புண்ணோடு வரும் தடிப்புக் காய்ச்சல். ஆட்கள் வீட்டுக்கு வந்து தோட்டாக்கள் சுற்றினார்கள். கணவர் வாசலில் திரும்பி, குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். பிற்பகலில் உடலாக வந்தார், படுக்கையறையில் கிடத்தினார்கள், முகம் அதிகம் மாறவில்லை. டேவிஸ், ஹோஸ்மர், ஹேவர்ட் மூவருக்கும் அந்த ஒரே வீட்டில் இறுதிச் சடங்கு.

அறுபது ஆண்டு கழித்துச் சொன்னதாயிற்றே, எப்படிச் சரிபார்ப்பது? கடைசிக் குழந்தைக்கு அன்று சுமார் 15 மாதம் என்கிறார். 1775 ஏப்ரலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1774 ஜனவரியை ஒட்டி வரும். 1850 வரையான ஆக்டன் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 1923-ல் அச்சாகியிருக்கின்றன. டேவிஸ் பக்கத்தில் அதற்கு முன்பின் ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள்.