குளிரில் பட்டாம்பூச்சி தேடுவது: வூஸ்டர்ஷயர் வேலியோரக் குறிப்புகள்

பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் பட்டாம்பூச்சியைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆகஸ்டில் போக வேண்டும். ஓர் இடத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஜனவரியில்தான் போக வேண்டும். இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்கு ஜனவரி வேலைதான் பிடித்துப்போனது.

ஆகஸ்டில் அவை ஆஷ் மரத்தின் உச்சியில் கிடக்கும். அசுவினிகள் இலைமேல் விட்டுவைக்கும் இனிப்புப் பிசுக்குதான் சாப்பாடு. கீழே நிற்கும் நமக்கு பைனாகுலரில் ஏதோ படபடப்பது தெரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்துப் பூச்சிகள் கூடும் அந்த உயரமான மரத்துக்கு இந்த வேலையில் இருப்பவர்கள் ‘மாஸ்டர் மரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முட்டையிட வரும் பெண்கள்தான் வேலி உயரத்துக்கு இறங்கும். அந்த முட்டை குளிர்காலம் முழுக்கக் கிளையிலேயே ஒட்டியிருந்து, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ பொரிக்கும். இலை உதிர்ந்த பிறகு யார் வேண்டுமானாலும் தேடலாம், அனுமதியோடும் பொறுமையோடும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இந்த இனம் தாக்குப்பிடித்து நின்றது வூஸ்டர்ஷயரில்தான். வூஸ்டர் நகருக்குக் கிழக்கே, கிராஃப்டன் ஃப்ளைஃபோர்ட் கிராமத்தை ஒட்டிய கிராஃப்டன் காடு அதன் மையம். வூஸ்டர்ஷயர் வைல்ட்லைஃப் டிரஸ்ட், பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் என்ற இரண்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் கூட்டாக வைத்திருக்கும் காடு அது. அந்தக் காலத்தில் ஃபெக்கன்ஹம் அரச வனம் பரவியிருந்த நிலம்; டிராய்ட்விச்சில் உப்புக் காய்ச்சிய அடுப்புகளுக்கு இங்கிருந்துதான் விறகு போனது. 1629-இல் அரச வனம் என்ற தகுதியும் போயிற்று. இப்போது சின்னச் சின்னக் காடுகள், நடுவே வயல்கள், வயல்களைச் சுற்றி உயிர்வேலிகள்.

முட்டையிடப் பூச்சிக்கு வேண்டியது அந்த வேலிகளில் இருக்கும் பிளாக்தார்ன் என்ற முட்புதர். கருத்த பட்டை, விரல் நீள முள், இலையுதிர் காலத்தில் நாக்கைச் சுருட்டும் நீலக் காய். அதிலும் முதிர்ந்த கிளை இதற்கு ஒத்துவராது. வேரிலிருந்து வயல் பக்கம் புதிதாக நீட்டிக்கொண்டு வரும் இளங்கிளைதான் அதற்கு வேண்டும். போன வருடத்து வளர்ச்சியும் அதற்கு முந்தைய வருடத்து வளர்ச்சியும் சேரும் கவட்டையில், அல்லது முள்ளின் அடியில், பெரும்பாலும் ஒற்றையாக ஒரு முட்டை. குண்டூசித் தலை அளவுதான். கருப்புப் பட்டைமேல் அந்த வெள்ளை ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அடுத்தடுத்துத் தெரிய ஆரம்பித்துவிடும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் குழி குழியாக, கடல் முள்ளெலியின் ஓட்டைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கும். மழைத்துளி, பறவை எச்சம், பூஞ்சைப் பொட்டு எல்லாம் முதலில் ஏமாற்றும். லென்ஸ் வைத்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என் முறை இதுதான்: மண்டியிட்டு, முகத்தைக் கிளை உயரத்துக்குக் கொண்டுபோய், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நகர்வது. முட்டி முதல் நெஞ்சு உயரம் வரைதான் நிறையக் கிடைக்கிறது. வெயில் படுகிற, காற்று அடிக்காத பக்கம் அதிகம். முட்டை கிடைத்த கிளையில் ஒரு வண்ண டேப், நோட்டில் இடக்குறிப்பு. தோட்ட வேலைக்கான தடித்த கையுறை போட்டால் கிளையைப் பிரித்துப் பார்க்க முடியாது, போடாவிட்டால் முள் ஏறும். பிளாக்தார்ன் முள் சதைக்குள் முறிந்து தங்கினால் சீழ் வைக்காமல் போகாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் இடது கைக்கு மட்டும் தோல் கையுறை போடுகிறேன். பையில் எப்போதும் ஒரு இடுக்கி.

எண்ணப் போன இடத்தில் என் கவனத்தைப் பிடித்துக்கொண்டது வேலி வெட்டும் தேதி. இங்கிலாந்தில் விவசாய நிலத்து வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டக் கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் வந்த விதி. 2024-இல் வந்த புதிய வேலிச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நல்ல விதிதான். ஆனால் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டலாம் என்றால், முட்டை கிளையில் இருக்கும் மாதங்களில் பெரும்பாலானவற்றில் வெட்டலாம் என்றுதான் அர்த்தம். டிராக்டரின் பக்கவாட்டுக் கையில் சுழலும் ஃப்ளெய்ல் என்ற வெட்டுக்கருவி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இளங்கிளைகளைத்தான் முதலில் சிதைக்கும். சீராக, பெட்டி மாதிரி வெட்டிய வேலியைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இதற்காக விவசாயியைத் திட்டிப் பயனில்லை. பாதை ஓரத்தில் வெட்டாமல் விட்டால் வண்டிக் கண்ணாடியில் இடிக்கும்; வயல் ஈரமாகிவிட்டால் டிராக்டரே உள்ளே போகாது. அதனால் அறுவடை முடிந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெட்டிவிடுவது அவர்களுக்கு வசதி. கேட்க வேண்டியது ஒன்றுதான்: மொத்த வேலியையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு. இல்லாவிட்டால் பாதைப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வயல் பக்கத்தையாவது விட்டுவைப்பது. நாங்கள் தேடும் வேலிகளில் ஒன்றின் சொந்தக்காரரிடம் டேப் கட்டிய கிளையையும் லென்ஸையும் கையில் கொடுத்துப் பேசினோம். நீண்ட நேரம் பார்த்தார். டீசல் மிச்சம் என்பதுதான் அவர் முதலில் சொன்னது. சரி, காரணம் எதுவானால் என்ன!

காட்டுக்குள்ளே வேலை வேறு மாதிரி. அங்கே பிளாக்தார்ன் புதர்களைப் பகுதி பகுதியாக, முறை வைத்து அடியோடு வெட்டுகிறார்கள். கிழடாகி உள்ளே காலியான புதரைவிட, வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் குருத்துகள்தான் பூச்சிக்கு ஏற்றவை. வயலோரத்தில் பழைய முறையில் வேலி படுக்க வைப்பதையும் கற்றுக்கொண்டிருக்கிறேன். தண்டை அடியில் வெட்டரிவாளால் முக்கால்வாசி வெட்டி, பட்டையோடு மெல்லிய பட்டைச்சதை மட்டும் அறாமல் விட்டுச் சாய்ப்பது. அந்த மெல்லிய நாக்கு வழியாகவே மரம் உயிரோடு இருந்து அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். பார்க்கச் சுலபம், சாய்க்கும்போது அது கிழியாமல் இருப்பது கைப்பழக்கம்.

எனக்குக் கவலை ஆஷ் மரத்தைப் பற்றித்தான். 2012-இல் பிரிட்டன் காடுகளில் கண்டறியப்பட்ட ஆஷ் டைபேக் பூஞ்சை நோய் இங்கும் உச்சிக்கொப்புகளைக் காய வைக்கிறது. வேலியைக் காப்பாற்றப் பேசலாம், டேப் கட்டலாம். உச்சியிலிருந்து காயும் மரத்துக்கு அப்படி எதுவும் நம் கையில் இல்லை.

இந்த சீசனில் தெற்குப் பக்க வேலிகள் முடிந்தன. வடக்குப் பக்கம் பாக்கி. பிளாக்தார்ன் இலை விடுவதற்கு முன்பே, மார்ச் வாக்கில், கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதன்பிறகு வெள்ளை இதழ்களுக்கு நடுவே வெள்ளை முட்டை தேடுவது வீண் வேலை. அதற்குள் முடிக்க வேண்டும்.