வைக்கல் புகையும் வெயிலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில வெள்ளாமை வெட்டி முடிஞ்சு, இப்ப வைக்கலுக்கு நெருப்பு வைக்கினம். கல்லடிப் பாலத்தில நிண்டு பார்த்தா மேற்கால மண்ணிறத்தில ஒரு புகைமூட்டம். கரி மட்டுமில்ல, நைட்ரோபீனோல் மாதிரி நிறமுள்ள காபன் சேர்வைகளும் அந்த நிறத்துக்குக் காரணம். வெயில்ல அதுகள் உடைஞ்சு, ஒரு நாளைக்குள்ளயே பெரும்பாலும் வெளுத்திரும். ஆனா புகையின்ர நுண்துணிக்கை போகாது, காத்திலதான் மிதக்கும்!

வெயிலால புதுசாத் துணிக்கை உண்டாகிறதும் இருக்கு. முகில்துளிக்குள்ள அப்பிடி நடக்கிறதுதான் எனக்கு ஆகப் பிடிச்சது. துளி ஏறக்குறைய 0.02 மில்லிமீற்றர்தான். உள்ள கரைஞ்சிருக்கிற இரும்பு ஒக்சலேற்றில (இரும்பும் ஒக்சாலிக் அமிலமும் சேர்ந்த சேர்வை) வெயில் பட்டா ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகும். அது கந்தகவீரொட்சைட்டு வாயுவைச் சல்பேற்று எண்ட உப்பா மாத்தும். துளி காஞ்சாலும் சல்பேற்று துணிக்கையா மிஞ்சும். பொழுது பட்டா வெயிலால நடக்கிற உற்பத்தி நிண்டிரும்.

மத்தியானம் வானம் வெளிச்சிட்டெண்டு மாஸ்க்கைக் கழட்டுற ஆக்கள், கொஞ்சம் பொறுங்கோ.