அப்பாவின் குரலும் சாக்பீஸ் கோடும்

ஜூன் 3, 2024, திங்கள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. கை நடுக்கம் மாத்திரைக்கு அடங்குகிறது. குரல்தான் அடங்கிக்கொண்டே போகிறது. நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டு வரை கேட்கிற கண்டக்டர் குரல் அது. இப்போது அவர் தண்ணீர் கேட்டால், அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டியிருக்கிறது.

இன்று பேச்சுப் பயிற்சி ஆரம்பம். வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். லீ சில்வர்மேன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கும் இதே நோய்தான். அவர் பெயரில்தான் இந்த முறையே இருக்கிறது. வீட்டில் தினமும் செய்ய, போனில் சத்தத்தை அளக்கிற டெசிபெல் மீட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வாய்க்கும் போனுக்கும் எப்போதும் 30 செ.மீ. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட முடியாது. ஸ்கேல் வைத்து அளந்து மேஜையில் சாக்பீஸ் கோடு போட்டேன்.

"ஆ..." 61 டெசிபெல். ஆறு விநாடி.

ஜூன் 5, புதன்

சண்டை. "நான் நல்லாத்தாம்மா பேசுறேன். ஒங்களுக்குத்தான் காது கேக்கல."

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. இந்த நோயில் தன் குரல் எவ்வளவு சன்னமாகிவிட்டது என்பது மூளைக்கே பிடிபடுவதில்லை. சரியாகப் பேசினால், கத்துகிற மாதிரி அவருக்குத் தோன்றும். அவர் பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "இது நானா?" என்றார். அப்புறம் ராத்திரி வரை பேசவில்லை. அம்மா எதிரில் போட்டுக் காட்டியிருக்கக் கூடாது.

ஜூன் 13, வியாழன்

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்தால் நன்றாக வருகிறது. 68.

ஜூன் 21, வெள்ளி

தினமும் பேசுகிற பத்து வாக்கியங்களை எழுதி, சத்தமாகப் படிக்க வேண்டும். அவரையே எழுதச் சொன்னேன். முதல் வரி ஓரளவு பெரிது. பத்தாவது வரிக்குள் எழுத்து எறும்பாகிவிட்டது. குரலைப் போலவே எழுத்தையும் சுருக்குகிறது இந்த நோய்.

"காபியில சக்கர கம்மி" என்பது முதல் வாக்கியம். ஐந்தாவதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது: "சிம்மக்கல் எறங்குறவங்க முன்னால வாங்க!"

அதைப் படிக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. இடது கை மேலே கம்பியைத் தேடியது. 76. சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நாலு வாரம் முடிந்தது. "ஆ" 74, பன்னிரண்டு விநாடி. ஆனால் சாயங்காலம் அசந்துபோனால் பேச்சு மறுபடி அறுபதுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. விட்டால் போய்விடும், தினமும் செய்தாக வேண்டும் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ராத்திரி அத்தை போன் பண்ணினார். இருபது நிமிஷம் பேசினார்கள். "என்னண்ணே, கேக்கல" என்று அத்தை ஒரு தடவைதான் சொன்னார்.

சாப்பிட்ட பிறகு மேஜையைத் துடைத்த அம்மா, சாக்பீஸ் கோட்டை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்திருந்தார்.